பட்டன் அளவு ஓ டியர்

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அண்ணியும் நானும் சுகம். அங்கே வெள்ளைக்காரர் ஊரில் நீயும் உன் தையல் மெஷினும் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போனை எதிர்பார்த்துக் காத்திருந்தவளுக்குத் தபால் வந்தால் முழிக்கத்தான் செய்வாய். யோசித்துப் பார்த்தேன். போனில் நாம் என்ன பேசுகிறோம்? நீ "சாப்பிட்டியா" என்கிறாய், நான் "ஆச்சு" என்கிறேன். அப்புறம் மழை, வெயில். அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. வைத்த பிறகு பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடிதம் என்றால் வைத்துவைத்துப் படிக்கலாம். அதனால் இனி கடிதம்தான். நீயும் எழுது. ஐந்து வரி எழுதிவிட்டு "வேறு விசேஷம் இல்லை" என்று முடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

இங்கே ஒரு மாற்றம். ஸ்டேஷனுக்கு மெஷின் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண்ணின் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் அவள் வண்டிகளை அறிவிக்கிறாள். இருபத்தெட்டு வருடம் மைக்கில் கத்தியது போதும் என்று என்னைத் தொலைந்த சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல வேலை. நேற்று ஒரு பல் செட் வந்தது. மேல்வரிசை மட்டும். அதை வண்டியில் கழற்றி வைத்துவிட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டிருப்பார் என்று நாள் முழுக்க யோசித்தேன்.

தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரப்பு. பனிக்காலம்தானே.

பதில் போடு.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மூக்கு மட்டும் வந்த நாளிலிருந்து நின்றபாடில்லை. அண்ணியின் முழங்கால் தேவலையா? உன் கரகரப்புக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

கடிதம் பார்த்துப் பயந்துதான் போனேன். பிரித்துப் படித்த பிறகு திட்டினேன். திட்டி முடித்ததும் இன்னொரு முறை படித்தேன். சரி, நீ சொல்வதுபோலவே செய்வோம். ஆனால் அறிவிப்பு உன் குரலில் இல்லாவிட்டால் அது ஒரு ஸ்டேஷனா? எனக்கு இங்கேயே கோபமாக வருகிறது.

இனி என் கதை. கடை சின்னது. துணி எடுத்துப் புதிதாகத் தைப்பது இல்லை, பழசைச் சரிசெய்வதுதான். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு லைனிங் போடுவது. முன்னால் கண்ணாடிக் கதவு, நடுவில் என் மெஷின், பின்னால் அயர்ன் மேசை. அயர்ன் போட ஒரு பெண் இருக்கிறாள், இருபத்திரண்டு வயது, எப்போதும் காதில் பாட்டு. மாடியில் என் அறை. கீழே அயர்ன் மேசையில் ஆவி போனால் மேலே என் ஜன்னல் வியர்க்கும்.

முதலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. அளவு டேப் கழுத்தைவிட்டு இறங்காது. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் ஒன்று எழுதவேண்டும். வந்த நாளிலிருந்து என்னை "ஓ டியர்" என்கிறார். நான் தைத்ததைக் கொண்டுபோய் நீட்டினால் "ஓ டியர்". ஊசியை உடைத்தால் "ஓ டியர்". திட்ட வேண்டிய இடத்தில்கூட இவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, அப்படி ஒரு சொல் காதில் விழும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

வேறு விசேஷம் இல்லை. (எழுதிவிட்டேன், அடிக்காதே.)

உன் தங்கை

*

பிப்ரவரி 19

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லாமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணிதான் உரக்கப் படித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஓ டியர்" வந்ததும் அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அகராதியை எடுத்தேன். டியர் என்றால் அன்பான, பிரியமான, விலை உயர்ந்த என்று போட்டிருக்கிறது. விலை உயர்ந்த என்பது நீயாக இருக்க முடியாது. ஆகவே மற்ற இரண்டும்தான்.

அம்மா தாயே, நீ நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் முன்பின் தெரியாத ஊர், மாடியில் தனி அறை, கீழே டியர் டியர் என்கிற முதலாளி. அந்தப் பெரிய மனுஷனுக்குக் குடும்பம் இருக்கிறதா? அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? அண்ணியோ "பாவம், நல்லவரா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, அவளுக்கும் ஒரு துணை வேண்டாமா" என்கிறாள். வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது.

உடனே பதில் போடு. நான் கொஞ்ச நாளாகத் திடப்பொருள் எதுவும் சாப்பிடுவதில்லை, எல்லாம் கரைத்துக் குடிப்பதுதான், அதுவும் இப்போது இறங்கவில்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கும் உனக்கும் என் அன்பு. நான் சுகம், உள்தாழ்ப்பாளும் சுகம்.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன் கேள்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு ஆள் பேன்ட் கொண்டுவந்தான். பின்பக்கம் தையல் விட்டு, ஒரு கை நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. முதலாளி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்து, மிகுந்த பிரியத்தோடு, "ஓ டியர்" என்றார். பேன்ட்டைப் பார்த்து, அண்ணா! அடுத்து மழை வந்தது. வாசலில் நின்று மழையிடமும் "ஓ டியர்". மின்சார பில்லிடமும் "ஓ டியர்". எனக்குத் துக்கமாகிவிட்டது. நாலு மாதமாக அந்தச் சொல் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பில்லும் நானும் ஒன்று!

அயர்ன் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு மேசையில் விழுந்து சிரித்தாள். அது அன்பே இல்லையாம். நாம் "அடடா", "ஐயையோ", "அடக் கடவுளே" என்கிறோமே, அதுதானாம். அதிலும் ரொம்பப் பழைய, ரொம்ப சாதுவான ஐயையோ. "இப்ப யாரும் சொல்றதில்ல. எங்க தாத்தா சொல்வார்" என்றாள். இவள் வயதுக்காரர்கள் சொல்கிற ஐயையோவைத்தான் நான் தினமும் கேட்கிறேனே, அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். சொல் ஒன்றுதான், ஆனால் அளவு வேறு வேறு. பட்டன் கீழே விழுந்து உருண்டால் ஒரு சின்ன "ஓ டியர்", வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். மழைக்கு அதைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் வேலை கூடிவிட்டது, சாயங்காலம் லேட்டாகும் என்று அர்த்தம். "டியர் மீ" என்றால் ஆச்சரியம். "ஓ" இல்லாமல் "டியர், டியர்" என்று தலையாட்டினால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் நான். யாராவது செத்த செய்தி வந்தால் மிகத் தாழ்வாக, ஒரே ஒரு "ஓ டியர்". அப்புறம் போய் டீ போடுவார். இந்த மனிதர் மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிட்டார் போலிருக்கிறது.

ஆக, துணையும் இல்லை, ஆபத்தும் இல்லை. அண்ணியிடம் என் அனுதாபத்தைச் சொல்.

ஏன் கரைத்துக் குடிக்கிறாய்? பல் வலியா?

உன் வாலு

*

ஏப்ரல் 3

அன்புள்ள வாலுக்கு,

நீ நலம் என்று தெரிந்து நாங்களும் நலம். அகராதியை உள்ளே வைத்துவிட்டேன். அண்ணிக்குத்தான் ஏமாற்றம்.

உன் கடிதம் வந்த பிறகு இந்த வீட்டில் அண்ணி ஆங்கிலேயச்சி ஆகிவிட்டாள். பால் பொங்கி வழிந்தால் "ஓ டியர்". கேஸ் தீர்ந்தால் "ஓ டியர், ஓ டியர்". நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது தலைமுதல் கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு "டியர் மீ" என்றாள். அது ஆச்சரியம் என்று நீ எழுதியிருக்கிறாய். என்ன ஆச்சரியம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆமாம், பல்தான்.

ஒரு சந்தேகம். நீ தையல்காரி, உன்னைத்தான் கேட்க வேண்டும். என் சட்டைகள் எல்லாம் கழுத்தில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கின்றன. துவைத்துத் துவைத்து விரிந்துவிட்டதோ என்னவோ. பதினாறரை காலர். பதினைந்துக்குக் கொண்டுவர முடியுமா? அண்ணியே வீட்டில் செய்கிற மாதிரி ஏதாவது வழி சொல்.

தொலைந்த சாமான் அறையில் பதினொரு குடை, ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒருவர் எப்படி நடந்துபோனார் என்று எங்கள் சூப்பிரண்டுக்கும் எனக்கும் ஒரு வாரமாக விவாதம். அவர் பேசுகிறார், நான் எழுதிக் காட்டுகிறேன். (தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறேன், வேறொன்றுமில்லை.)

உன் அண்ணன்

*

மே 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவர் சுகத்துக்கும் ஏங்கும் வாலு. இங்கே குளிர் விட்டுவிட்டது, மூக்கும் நின்றுவிட்டது.

முதலில் சட்டை. காலரை எல்லாம் வெட்டித் தைக்க வேண்டாம், கெட்டுப்போகும். மேல் பட்டனைப் பிரித்து, காஜாவிலிருந்து இன்னும் தள்ளி, பதினைந்து வருகிற இடத்தில் தைக்கச் சொல். அதே நூல் நிறம். டை கட்டுவதில்லையே நீ, வெளியே தெரியாது.

இனி நான் செய்த காரியம். போன செவ்வாய்க்கிழமை முதலாளி பாங்குக்குப் போயிருந்தார். கறுப்பு கோட்டோடு ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்தார். "இடுப்பில் பிடிக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் வேண்டும்" என்றார். வியாழக்கிழமை முடியாது என்று வாயெடுத்தேன். அவர், "என் மனைவியை அன்று அடக்கம் செய்கிறோம்" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் மொத்தமும் ஓடிப்போய்விட்டது. வாயில் வந்தது ஒன்றுதான்: "ஓ டியர்." அதுவும் எப்படி? மழைக்குச் சொல்கிற அளவில். சொன்ன நொடியே தெரிந்துவிட்டது, அளவு தப்பு என்று. அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆமாம்" என்றார். "ஓ டியர்தான்." பிறகு என் மேசை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், உட்கார்ந்தார். புதன்கிழமையே தைத்துக் கொடுத்தேன்.

முதலாளி வந்ததும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பெரிய சொல்லாகச் சொல்லியிருந்தால் அவர் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சின்னதாகச் சொன்னதால் உட்கார முடிந்தது" என்றார். உண்மையோ, என்னைத் தேற்றுவதற்கோ, தெரியவில்லை.

போன ஞாயிறு போன் செய்தேன். நீ டியூட்டியில் இருப்பதாக அண்ணி சொன்னாள். அதற்கு முந்தின ஞாயிறு தூங்குகிறாய் என்றாள். அவள் குரலே சரியில்லை. சண்டையா?

உன் வாலு

*

ஜூன் 28

அன்புள்ள வாலுக்கு,

தாமதத்துக்கு மன்னி. எல்லோரும் நலம். சண்டை எதுவும் இல்லை.

பட்டன் வேலை முடிந்தது. கச்சிதம். வெயிலில் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அண்ணி அழகாக இருக்கிறது என்கிறாள். வேலை கொஞ்சம் அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

அந்தக் கறுப்பு கோட்டுக்காரரைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 10

அண்ணா,

நலம் விசாரித்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கடையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள். நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வெட்டும் மேசையில் இருந்தார். "ஓ டியர்" என்றார். சின்னது. பட்டன் விழுந்தால் சொல்கிற அளவு.

பழக்கதோஷம், எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்து பார்த்தேன். கீழே பட்டன் எதுவும் இல்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கத்தரியை ஒழுங்காக அதன் இடத்தில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டிருந்தார். இடது கை தாடையைப் பிடித்திருந்தது. முகம் எங்கள் சாம்பல் லைனிங் துணி நிறத்தில் இருந்தது. "என்ன?" என்றேன். "ஒன்றுமில்லை, சின்னத் தொந்தரவு, போய்விடும், நீ அவங்களைக் கவனி" என்றார். வாடிக்கைக்காரர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அவர்களும் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் மொழிதானே அது, அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை! ஒன்பது மாதமாக அந்த ஒரு சொல்லையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத்தான் கேட்டது.

நான் போனை எடுத்தேன். "ஆம்புலன்ஸெல்லாம் வேண்டாம், அவங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்" என்று கையை ஆட்டினார். நான் கேட்கவில்லை. அயர்ன் பெண்ணை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விலாசம் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோது வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், அண்ணா. சிரமம் கொடுத்துவிட்டேனாம்.

மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். இன்னும் இருபது நிமிஷம் போயிருந்தால் இல்லை என்றார் டாக்டர். நேற்று பார்க்கப் போனேன். "மூன்று நாளாகவே கொஞ்சம் அசௌகரியம்தான். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமென்று..." என்று இழுத்தார்.

அந்தக் "கொஞ்சம்" காதில் விழுந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அறைக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாகக் கட்டிலில் பரப்பினேன்.

தொண்டை கொஞ்சம் கரகரப்பு. கொஞ்ச நாளாகத் திடப்பொருள் இல்லை. காலர் கொஞ்சம் தொளதொள. கொஞ்சம் இளைத்திருக்கிறேன். வேலை கொஞ்சம் அதிகம். சூப்பிரண்டுக்கு எழுதிக் காட்டுகிறாய். என் கடிதத்தை அண்ணி உரக்கப் படிக்கிறாள். பால் பொங்கினாலும் அவள் குரல்தான். போனுக்கு நீ வருவதே இல்லை.

ஒன்றரை அங்குலம் கழுத்து இளைத்திருக்கிறது, நான் ஒரு தையல்காரி, பட்டனை நகர்த்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். பாவி.

உனக்கு என்ன, அண்ணா? கொஞ்சம் என்ற சொல் இல்லாமல் எழுது.

வாலு

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள வாலுக்கு,

உன் முதலாளி நலமா? அவர் எழுந்து உட்கார்ந்தார் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

எழுதுகிறேன்.

ஜனவரியில் எழுதியது பொய், அறிவிப்பு மெஷின் வரவில்லை. அது அடுத்த வருடம்தான் வருமாம். டிசம்பரில் ஒரு நாள் மைக்கில் இருந்தேன். வடக்கே போகிற வண்டி கடைசி நிமிஷத்தில் நடைமேடை மாறியது. "மூன்றாவது நடைமேடைக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றேன். தகரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம். ஒரு குடும்பம் முதல் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தது, வண்டி மூன்றிலிருந்து போய்விட்டது. அந்த ஆள் என் அறைக்கு வந்து கதவைத் தட்டித் திட்டினான். நியாயம்தான். அவன் அப்பாவைப் பார்க்கப் போகிற பயணமாம், சீரியஸாம். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குக் குரல் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனான்.

குரல்வளையில் புற்றுநோய். டாக்டர் மார்ச்சில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். போனேன். கவுண்டரில் ஒரு படிவம் நீட்டினார்கள். பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் அறிவிப்பாளர் என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜூனில் இன்னொரு தேதி. அன்று வீட்டைவிட்டே கிளம்பவில்லை. அண்ணி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவளைக் கோபிக்காதே.

மார்ச்சில் போயிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்குமாம். இப்போது குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்செல்லாம் அது வழியாகத்தான். எடுக்காவிட்டால் எவ்வளவு நாள் என்று கேட்டு எழுதிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பயமாக இருக்கிறது. சாவைவிட அந்த மௌனம் பயமாக இருக்கிறது. இருபத்தெட்டு வருடம், யாரென்றே தெரியாத ஆயிரம் பேர் நான் சொன்ன பக்கம் திரும்பி நடந்தார்கள். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? போனில் உனக்கு அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்கவைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

எழுதிவிட்டேன். நீ கேட்டுக்கொண்ட அந்தச் சொல் இல்லாமல்.

அண்ணன்

*

செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்குக் கோபம். கொஞ்சம் அல்ல.

ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் எழுதியதெல்லாம் திட்டு. பிறகு எழுதியதெல்லாம் அழுகை. இரண்டும் தபாலுக்கு லாயக்கில்லை.

"என்னிடம் வேறு என்ன இருக்கிறது" என்று கேட்கிறாயே, எட்டு மாதமாக நீ ஒரு வார்த்தை பேசவில்லை. போன் இல்லை, குரல் இல்லை. ஆனால் பல் செட்டைத் தொலைத்தவர் என்ன சாப்பிட்டார் என்று நினைத்து நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீ கேட்டது எழுத்தில்தான், எனக்கு உன் குரலில்தான் கேட்டது. உன் குரல் போனால் நான் படித்துக்கொள்வேன். நீ போனால் எதைப் படிப்பேன்?

முதலாளி வீட்டுக்கு வந்துவிட்டார். கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். உன் விஷயத்தைச் சொன்னேன். துக்கச் செய்திக்குச் சொல்கிற அந்தத் தாழ்ந்த "ஓ டியர்" வந்தது. எழுந்தார். டீ போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். காலண்டரை எடுத்துவந்து மேசையில் போட்டு, "எப்போ கிளம்பறே?" என்றார். ஆர்டர்கள் கிடக்கின்றனவே என்றேன். "நான் மரியாதைக்காகச் செத்திருப்பேன், நீதான் விடலை. உங்க அண்ணனையும் விடாதே" என்றார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். 19ஆம் தேதி வருகிறேன், நான்கு வாரம். 22ஆம் தேதி ஆபரேஷனுக்கு அண்ணி டாக்டரிடம் பேசிவிட்டாள். ஆமாம், நாங்கள் இருவரும் உன் முதுகுக்குப் பின்னால் பேசிவிட்டோம். அந்தப் படிவத்தை நான் பூர்த்தி செய்கிறேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும்: வாலுவின் அண்ணன்.

வந்ததும் தகரச் சத்தத்திலேயே என்னைத் திட்டு. எனக்கு அது வேண்டும்.

உன் வாலு

*

நவம்பர் 24

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. இருக்கிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்து எழுதிய கடிதம் கிடைத்தது. உன் மூக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். என் மூக்குக்கு இனி வேலையே இல்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்.

ஆபரேஷனன்று காலை நாம் சண்டை போட்டோமே, நான் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்று. அங்கே போனதும் எல்லாவற்றையும் கழற்றிப் பச்சைத் துணி மாட்டப் போகிறார்கள், அதற்கு அரை மணி நேரச் சண்டை. என் கடைசிப் பேச்சு "நீலம்தான் போடுவேன், போடி" என்பது. கண் விழித்தபோது அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று அழுகை வந்தது. அப்புறம் யோசித்தேன். நல்லதாகச் சொல்லியிருந்தால் நீ பயந்திருப்பாய்.

முதல் மாதம் மோசம். உனக்குத் தெரியும், நீதான் பார்த்தாயே. நீ போன பிறகு இன்னும் மோசம். துளையில் சளி அடைத்துக்கொண்டு விழித்துக்கொள்வேன். அண்ணியைக் கூப்பிடக் குரல் இல்லை என்பதால் ஒரு கரண்டியைப் பக்கத்தில் வைத்துக் கட்டிலில் தட்டினேன். ஒருநாள் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு நாள் ஸ்லேட்டிலும் எழுதாமல் இருந்தேன். மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே ஒரு அம்மா சொல்லிக்கொடுக்கிறார். காற்றை விழுங்க வேண்டும், ஏப்பம் விட வேண்டும், அந்த ஏப்பத்தை வாயால் வடிவமாக்க வேண்டும். இனி ஏப்பம்தான் என் குரல். ப, ட, க போன்ற எழுத்துகள்தான் முதலில் வருமாம். ஐந்து வாரமாக அந்த அம்மா முன்னால் மரியாதையில்லாமல் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. என்னோடு பயிலும் ஒரு லாரி டிரைவர் மூன்றாவது வாரமே "போடா" என்றான். பொறாமையாக இருந்தது.

நேற்று மத்தியானம். அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். நான் வாசலில் சாய்ந்து நின்று, சும்மா, பழக்கத்தில் காற்றை விழுங்கினேன். விட்டேன். "காப்பி" என்று வந்தது.

அவள் திரும்பவில்லை. "ஓ டியர், தொட்டிக் குழாய் மறுபடி அடைச்சுக்கிட்டுக் கொடகொடங்குது" என்றாள் தனக்குத்தானே. நான் இன்னொரு முறை விழுங்கினேன். "காப்பி."

பாத்திரம் கையிலிருந்து விழுந்தது. திரும்பினாள். ஈரக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொரு தடவை." சொன்னேன். நாலாவது தடவை வரவில்லை, வெறும் காற்று. பரவாயில்லை என்று கையைக் காட்டினாள். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "இருபத்தாறு வருஷமா இதையேதானே கேட்டீங்க. ஒரு தடவையாவது நான் முகம் சுளிக்காம எழுந்திருச்சேனா?" என்றாள். நானும் கீழே உட்கார்ந்தேன். அவள் முழங்காலுக்கும் எனக்கும் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு போட்டுக் கொடுத்தாள். என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டிருந்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

உன் அண்ணன்